சாமி சொன்ன டயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாகத் தயங்கிவிட்டேன். நோட்டை எடுப்பேன், ஒரு வரி எழுதுவேன். எங்கள் பூஜை அலமாரியில் சாஸ்தா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் காகிதப் பொட்டலம் ஞாபகம் வரும். நோட்டை மூடிவிடுவேன். கட்டைவிரல் அளவுப் பொட்டலம். தினசரிப் பேப்பர் கிழிசலில் மடித்து, மஞ்சள் நூல் ஒரு சுற்று. இதுவரை யாரும் பிரித்ததில்லை. போன ஆவணியில் என் மச்சான் காலமானார். பதினாறாம் நாள் பந்தியில் பக்கத்து இலைக்காரர், முன்பின் தெரியாதவர், என்னிடமே கதை சொல்கிறார்: "இவிய டிரெய்லர் டயரு நடுவழியில வெடிச்சிருச்சாம். சாமி வண்டிய அந்தரத்துல தூக்கிட்டுப் போயி கோயில் வாசல்ல இறக்கிச்சாம்." டயர் வெடிக்கவும் இல்லை, வண்டி பறக்கவும் இல்லை. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் அந்த டயருக்கே கோயில் கட்டிவிடுவார்கள் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கழுகுமலைப் பக்கம் கரிசலில் உளுந்தும் பருத்தியும் போட்டுக்கொண்டு, நாற்பது ஆடும் வைத்திருந்தார். தங்கமான மனுஷன். எதற்கும் கோபம் வராது. அவருக்கு வரவேண்டியதும் சேர்த்து எனக்கு வரும். எந்தக் காரியத்தையும் அவராக முடிவு செய்யமாட்டார், பூக்கட்டித்தான் பார்ப்பார். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். சிவப்புக்கு ஒரு அர்த்தம், வெள்ளைக்கு ஒரு அர்த்தம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை மட்டும் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்துக் கண்டிப்பு. என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. எனக்கு வெள்ளை வந்தது. அதனால் அந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது, நம்பிக்கையும் உண்டு. ஆனால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்டு, சிவப்பு வந்துவிட்டதென்று ஏழு மாதம் வீங்கிய கன்னத்தோடு திரிந்த மனுஷனை என்ன செய்ய முடியும்?

தொண்ணூறுகளின் நடுவில் அவர் பழைய டிராக்டர் ஒன்று டிரெய்லரோடு வாங்கினார். வருஷத்தில் பாதி நாள் அந்த டிரெய்லர் புஞ்சை ஓரத்தில் வெயிலில் நிற்கும். பங்குனி உத்திரம் வந்துவிட்டால் அதுதான் எங்கள் வீடு. மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் போட்டு, அடியில் வைக்கோல் பரப்பி, அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பாய் தலையணை எல்லாம் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு முப்பது பேர் இருபது மைலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவோம். மூன்று நாள் அதிலேயே சாப்பாடு, அதிலேயே படுக்கை. அந்த வருஷம் மாசிக் கடைசியில் நான் தற்செயலாகச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். தரையில் படுகிற பட்டன் தேயாமல் புதுசு போல இருந்தது. ஆனால் பக்கவாட்டு ரப்பர் கோடைக் கரிசல் போல விரிந்து கிடந்தது. கையில் இருந்த வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தேன், அரை அங்குலம் உள்ளே போனது. அந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான் என் நாலு வயது மகளும் கைப்பிள்ளையும் உட்கார வேண்டும்.

அவரைக் கோவில்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் அங்கே கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றில் பாகு காய்ச்சும் வேலையில் இருந்தேன். டயர்க்கடை பாய் எனக்குப் பழக்கம். சொன்னதைக் கேட்டதும் பாய் தலையில் கை வைத்தார். "அண்ணாச்சி, ஓடித் தேஞ்ச டயரு யோக்கியன். பாத்தாலே தெரிஞ்சிரும். நின்னு காஞ்ச டயருதான் கள்ளன். பட்டனக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே கழுத்தறுத்துரும்" என்றார். லாரியில் ஓட்டிக் கழித்தது, பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட், புத்தம் புதுசு என்று மூன்று ரகத்தையும் உருட்டிக் காட்டினார். "உரம் ஏத்துத வண்டின்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆளு ஏறுது, பிள்ளைக ஏறுது. புதுசு போடுங்க." மச்சான் மூன்றையும் தட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். "கேட்டுட்டுச் சொல்லுதேன் பாய்" என்றார். "யார்ட்ட கேக்கணும்?" "சாமிட்ட." பாய் என்னைப் பார்த்தார். நான் தெருவில் போன மாட்டைப் பார்த்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மச்சான் கணக்காகச் சொன்னார்: "சிவப்பு வந்தா லாரி டயரு. வெள்ளை வந்தா ரீட்ரெட்டு."

"அப்ப புதுசு?"

"ரெண்டு பூதான மாப்ள இருக்கு."

பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்றிருந்தது. கேட்காத ஒன்றை எந்தச் சாமியால் கொடுக்க முடியும்? ஊர் வந்து சேரும்வரை மன்றாடினேன். கடைசியில் மச்சான் ஒரு வழிக்கு வந்தார்: வெள்ளை வந்தால் புதுசு, சிவப்பு வந்தால் கிடக்கிற டயரே போதும். இதற்கு முதலில் சொன்னதே தேவலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஊர்ப் பிள்ளையார் கோயில். "நீங்களே கட்டுங்க மாப்ள, உங்க கை ராசியான கை" என்று பூவை என்னிடம் கொடுத்தார். ஒரு செவ்வரளி, ஒரு நந்தியாவட்டை. நான் பிரகாரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே நந்தியாவட்டைச் செடி பூத்து நின்றது. இன்னொரு பூவைப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. அரளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது நெஞ்சுக்கு நேராகக் கனத்தது. நான் தினமும் குளித்துத் திருநீறு இடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவன். அன்றைக்குப் பிள்ளையாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூஞ்சூறைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் ஒன்றை எடுத்தாள். மச்சான் பிரித்தார். வெள்ளை. "பாத்தீங்களா! நானா இருந்தா இருக்கதே போதும்னு விட்டுருப்பேன்" என்று கண் கலங்கிவிட்டார். மற்றதைக் கிணற்றில் போடும்படி தங்கையிடம், அதாவது என் மனைவியிடம், கொடுத்தார்.

அவள் போடவில்லை. கோவில்பட்டி வீட்டுக்கு வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் முன்னால் வைத்தாள். "பொட்டலம் கட்ட அம்புட்டு நேரமா? பிரிக்கவா?" என்றாள். "எங்க அண்ணன ஏமாத்துனதுகூடப் போவுது" என்று சொல்லி, மீதியைச் சொல்லாமல், அதைச் சாஸ்தா படத்துக்குப் பின்னால் செருகினாள். "கெடக்கட்டும். என்னைக்கு உங்களுக்குத் தைரியம் வருதோ அன்னைக்கு நீங்களே பிரிங்க." அந்த உத்திரத்துக்கு எல்லாரும் புது டயரில் போனார்கள். நான் பிராயச்சித்தமாக இருபது மைலும் நடந்தே போனேன். கேட்டவர்களுக்கு நேர்ச்சை என்று சொன்னேன்.

அந்தப் பொய் அதோடு தொலைந்தது என்று நினைத்தேன். தொலையவில்லை. மச்சான் அந்த டயருக்கு வெள்ளிதோறும் சந்தனம் வைக்க ஆரம்பித்தார். மழைக்குக் கரிசல் அப்பினாலும், வெயிலுக்குக் காய்ந்தாலும், அது சாமி டயர். ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரு பங்குனி, வண்டியில் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு நான் குனிந்து பார்க்கிறேன். அதே வெடிப்பு, அதே வேப்பங்குச்சி, இந்தத் தடவை இன்னும் ஆழம். "மச்சான், மாத்தணும்" என்றேன். "சாமி குடுத்த டயரு மாப்ள, அது என்ன செய்யும்?" என்று சிரித்தார். முப்பது உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய்தான் இப்போது முப்பது உயிரையும் அந்த வண்டியில் ஏற்றி வைத்திருந்தது.

இப்படித்தான் ஆகும் என்று பயந்து பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "சாமி சொல்லல மச்சான். நான்தான் ரெண்டுலயும் வெள்ளை வச்சேன். இந்தாங்க, நீங்களே பிரிச்சுப் பாருங்க."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கப்படாது மாப்ள."

"ஐயோ, கட்டுனது நான்!"

"கட்டுனது நீங்க. உங்க கைய அப்படிக் கட்ட வச்சது யாரு?"

அவர் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் பாவம் என்று ஏழெட்டு வருஷம் சுமந்ததை அவர் ஒரே வார்த்தையில் சாமி கணக்கில் சேர்த்துவிட்டார். அப்போது தார்ப்பாயை விலக்கிக்கொண்டு என் மனைவி கீழே குதித்தாள். கையை நீட்டி மகளையும் மகனையும் இறக்கினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றார் மச்சான்.

"அன்னைக்கு இவிய கைய வச்சுக் கட்டுன சாமிதாம்ணே இன்னைக்கு என்னிய இறங்கச் சொல்லுது."

பிறகு பின்னாலிருந்து ஒரு மதினி இறங்கினாள், அடுத்து ஒரு சித்தி. கொஞ்ச நேரத்தில் வண்டியில் அண்டாவும் அரிசி மூட்டையும் மட்டும் மிஞ்சின. மச்சான் காலி வண்டியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பூ கேட்டுட்டு…" என்று ஆரம்பித்தவர் தங்கை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று மத்தியானம் கோவில்பட்டியில் பாய் பழைய டயரைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நூல் நூலாகப் பிரிந்து, கை வைத்த இடத்தில் பொதுக்கென்று உள்ளே போனது. "பாத்தீங்களா மாப்ள," என்று மச்சான் என் தோளைத் தட்டினார். "இதை வச்சு இத்தன வருஷம் சாமி இழுத்திருக்கு!" பாய் என்னைப் பார்த்தார். அன்றைக்குத் தெருவில் மாடுகூட இல்லை.

நடந்தது இவ்வளவுதான். எழுதி முடித்து, குளித்து, விளக்கேற்றி, படத்துக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். மஞ்சள் நூல் தொட்டதும் அறுந்தது. உள்ளே ஒரு சிட்டிகை பழுப்புத் தூள். அது வெள்ளையாக இருந்ததா சிவப்பாக இருந்ததா என்று இனி பார்க்கிற யாராலும் சொல்ல முடியாது. எனக்கு இருந்த ஒரே சாட்சியும் மச்சான் பக்கம் சேர்ந்துவிட்டது. அதனால் படிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: இதை நீங்கள் யாரிடமாவது சொன்னால் வண்டியைப் பறக்க விடாதீர்கள், டயரை வெடிக்க விடாதீர்கள், என்னையும் நல்லவனாக்க வேண்டாம். இரண்டிலும் வெள்ளை என்று மட்டும் சொல்லுங்கள்.