எறும்புக்கென்று வாங்கிய தண்ணீர்

அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மிளகுக் கொடிகளைத்தான் என் கடைசி மகள் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டாள். கொடியின் அடி கறுத்து அழுகும் நோய்க்கு மருந்து தேடினாள். பக்கத்து வீட்டில் கறுவா இலை காய்ச்சி எண்ணெய் வடிக்கிறார்கள். மிஞ்சும் தண்ணீரை வேலியோரக் கழிவுநீர்க் கானில் ஊற்றிவிடுவார்கள். அதை வாங்கிப் புளிக்கவைத்து வேரில் ஊற்றினாள். சாகக் கிடந்த கொடிகள் துளிர்த்தன.

ஆராய்ச்சி தொடங்கும்போதே அவளுக்கு ஒரு கட்டுத் தாள் கொடுத்திருந்தார்கள். "அம்மா, முழுக்க வாசிச்சிட்டு கையெழுத்துப் போடவா?" என்று கேட்டாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம், கிளாக்கர் ஐயா பென்சிலால் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்ட இடத்தில் பெயரெழுதித்தான் பழக்கம். வாசிக்க நின்றவளை வாயாடி என்பார்கள்.

"புள்ளடி இருக்கிற எடத்துல போடும்மா. படிச்சவங்க குடுக்கிற பேப்பர்தானே" என்றேன். போட்டாள்.

மருந்து பலித்த பிறகுதான் அந்தத் தாளில் இருந்தது தெரிந்தது. கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்துக்கும் செலவு கொடுத்த கம்பெனிக்கும் சொந்தமாம். பதிவு செய்து முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாதாம். விட்டால் மகளின் பட்டம் நின்றுபோகும். கொடிகளுக்கு ஊற்றுவது நான் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியிடம், எறும்புக்கு ஊற்ற என்று சொல்லித்தான் வாளியை நீட்டுவேன்.

இந்த மழைக்கு பக்கத்து வீட்டுக்காரியின் மிளகுக் கொடிகளும் அழுக ஆரம்பித்தன. வேலியோரம் வந்து நின்றாள்.

"என்னக்கா, ஒங்க கொடிக்கு மட்டும் சாமி காவல் நிக்குதா?"

"மண்ணு அப்பிடி" என்றேன்.

"நடுவுல ஒரு வேலிதானே இருக்கு. மண்ணு எப்பிடிக்கா மாறும்?"

எனக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. அன்று அது வசதியாகப் போயிற்று. உள்ளே வந்து மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அவகிட்ட மட்டும் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

"பட்டம் கெடைச்ச பொறகு?"

"அப்பவும் அவங்களக் கேட்டுத்தான் சொல்லணும்."

"நீ கண்டுபிடிச்சதுக்கா?"

கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீங்கதானேம்மா கையெழுத்துப் போடச் சொன்னீங்க."

அடுத்த வாரம் வாளியோடு போனபோது, பக்கத்து வீட்டுக்காரி செத்த கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வாரம் ஊற்றாவிட்டாலும் மகளின் ஆராய்ச்சிக் கணக்குத் தப்பாகிவிடும். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஒங்க வீட்டு எறும்பு இன்னும் சாகலியாக்கா?"

"கொஞ்சம் கொறைஞ்சிருக்கு."

"கெட்டிக்கார எறும்புதான்" என்று சிரித்தாள். வாளி நிறைய மொண்டு தந்தாள். மீதியைக் கானில் சாய்த்தாள். அவளுடைய அழுகின வேர்களுக்கு ஒரு முழம் தள்ளி, அது கலங்கலாக ஓடிப் போயிற்று.

வேலியடியில் வாளியை இறக்கி வைத்துவிட்டு ஒருதரம் திரும்பினேன். அவள் குனிந்து அடுத்த கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து கொடிகள் பச்சையாக நின்றன. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.