ஓட்டுமேல் இருந்த பந்து

ஜூலை ஒன்பது, செவ்வாய், காலை பத்தேகால். மலைமேல் மேகம், கீழே புழுக்கம். எங்கள் தெரு ஆரம்பப் பள்ளியின் தாழ்வார ஓட்டில் ஒரு பந்து இருந்தது. பதினோரு பிள்ளைகள் அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஒல்லியான டீச்சர் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த வழியே போன எனக்குப் பொறுக்கவில்லை. குடையால் பந்தைத் தட்டி இறக்கிவிட்டேன்.

பிள்ளைகள் அடங்கிப்போனார்கள்.

"போச்சு சார்," என்றார் டீச்சர். "நாந்தான் மேல போட்டேன். எப்படி எடுக்கறதுன்னு அவங்களே யோசிச்சுகினு இருந்தாங்க. எனக்கே கை துறுதுறுங்குது, அதான் கட்டிக்கினேன். உங்க வீட்ல பசங்க கேட்டா உடனே செஞ்சு குடுத்துடுவீங்களா?"

"ஆங். இப்ப யாரும் எதுவும் கேக்கறதில்லம்மா."

அவர் பந்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்ப நான் கேக்கறேன். மறுபடி மேல போட்டுடுங்க சார்."

மூன்றாவது வீச்சில் பந்து ஏறியது. பிள்ளைகள் மறுபடி கத்தினார்கள். ஒருத்தி பெஞ்சை இழுத்தாள். டீச்சரின் கைகள் பின்னால் போயின. நானும் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.

மாலையில் போய்ப் பார்த்தேன். ஓட்டில் பந்து இல்லை. எப்படி எடுத்தார்கள் என்று கேட்கலாமென்றால் பள்ளி பூட்டியிருந்தது.

வலது தோள் வலித்தது. தைலத்தை இடது கையால் நானே தேய்த்துக்கொண்டேன். விலை எண்பத்தைந்து ரூபாய்.