அவளுக்கும் பத்து

நான் பயிற்சி கொடுத்த அந்த மரக்கட்டில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கக்கூடியது. எண்பதுகளின் தொடக்கத்தில் தண்டலத்துக்கு அருகே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் ஒரகடம் பக்கம் அப்போது ஏரியும் வயலும் கல் குவாரியும்தான். குவாரியில் கல் சுமந்த ஓர் அக்கா, மூன்று வருட இடுப்புவலியோடு என்னிடம் வந்தார். எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் குனிவதே இல்லை. கையிலிருந்த சீட்டு நழுவி விழுந்தால்கூட, யாராவது எடுத்துத் தரும்வரை விறைப்பாக நிற்பார்.

முதல் நாள், சுவரோரம் பாதிக் கட்டிலைக் காலியாக விட்டு, விளிம்பில் ஒட்டிப் படுத்தார். நடுவில் வரச் சொன்னேன், வரவில்லை. முழங்காலை மடக்கி நெஞ்சருகே பத்து முறை கொண்டுவரச் சொன்னேன். செய்தார். அடுத்த பயிற்சியைச் சொல்ல வாயெடுத்தபோது கைகாட்டித் தடுத்தார். கண்ணை மூடி அசையாமல் கிடந்தார். உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன.

"யாருக்குக்கா எண்ணுறீங்க?"

"அவளும் செய்யணும் இல்ல, டாக்டரம்மா? அவளுக்கும் வலிக்குது."

காலை வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. பிறகு சொன்னார். கூடையை எடுக்க அவர் குனிந்த நொடியில், மேலிருந்து பெயர்ந்த கல் அவர் தலையைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற தோழியைக் கொன்றுவிட்டது.

"நான் குனிஞ்சேன், அவ பூட்டா. அன்னியிலேர்ந்து என் இடுப்புலதான் குந்திக்கினு கீறா."

அவர் கணக்கிலேயே பயிற்சியை நடத்தினேன். வாரத்தில் மூன்று நாள், இவருக்குப் பத்து, அவளுக்குப் பத்து. அந்த இரண்டாவது பத்தில், யாரும் அசையாமலே கட்டில் மெல்ல முனகும். பழைய மரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இரண்டு மாதத்தில், படுத்தபடியே இடுப்பை மேலே தூக்கினார். நின்றபடி முழங்கால்வரை குனிந்தார். ஒருநாள் தரையில் ஒரு கூடையை வைத்துவிட்டு, பிடித்துக்கொள்ள அவர் பின்னால் போனேன்.

"பின்னால நிக்காதம்மா!" என்று அலறினார். ஓடிவந்து முன்னால் நின்றேன். அன்று அவர் கூடையைத் தொடவில்லை.

அடுத்த வாரம் வந்தவர் கட்டிலின் நடுவில் படுத்தார். பத்து முடிந்ததும் எழுந்துவிட்டார்.

"அவங்க?" என்று கேட்டேன்.

"நேத்தே பூட்டா. வலி வுட்டுடுச்சாம்."

முழங்காலை மடக்கிக் குனிந்து கூடையைத் தூக்கினார். நிமிர்ந்து, மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த மூன்று வருடத்தில் முதல்முறையாக, தோழியின் பெயரைச் சொல்லி அழுதார்.