நாளை விரியும் மொட்டு

ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் படிக்கும்படி எழுத எனக்கு என்ன தகுதி என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெலுத்தோங்கில் என் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு சிறிய காகிதப் பை இருக்கிறது. மழையில் ஊறிக் கறுத்தது, அடியில் கிழிந்தது. வாயில் மட்டும் சிவப்புக் கம்பளி நூல் முடிச்சு அப்படியே இருக்கிறது. அதைப் போட்டவர் எங்கள் மேற்பார்வை அக்கா.

கெப்பாலா பத்தாசில், புது வெண்டி ரகம் தேடும் சோதனைத் தோட்டத்தில் அவரிடம் வேலை பார்த்தேன். அக்கா மருந்தடிக்க விடமாட்டார். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும் நோய் வரட்டும் என்று காத்திருப்பார். வந்த பிறகும் பச்சையாக நிற்பதுதான் அவருக்கு வேண்டிய செடி. எத்தனையோ பருவங்கள் ஒன்றும் தேறவில்லை. அந்த வருடம் ஒரே ஒரு செடி நின்றது. வேறு செடியின் மகரந்தம் கலக்காமல் அதன் விதையை எடுக்க வேண்டும். அதற்கு, மறுநாள் விரியப்போகும் மொட்டை முதல்நாள் மாலையே பையால் மூட வேண்டும். எது விரியும் என்பது எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

“மொட்டு மூஞ்சியப் பாத்தாலே தெரியும் லா. நீதான் மனுசன் மூஞ்சியவே பாக்க மாட்டியே!” என்று சிரித்துக்கொண்டே அக்கா அந்தப் பையைக் கட்டினார். கண்ணாடி வளையல்கள் குலுங்கின. வீட்டுக்குப் போனவர் அன்றிரவே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

“அக்கா கை கடைசியாப் பட்டது. யாரும் தொடாதீங்க,” என்றார் தண்ணீர் பாய்ச்சும் அண்ணன். பூ வாடியதும் எடுத்துவிட வேண்டிய பை அது. மரியாதை என்று நினைத்து எல்லோரும் விட்டுவிட்டோம். மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் அடியைக் கிழித்துப் பார்த்தபோது பிஞ்சு அழுகிக் கிடந்தது. காம்பை வெட்டி, பையை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். செடியும் தளர்ந்துவிட்டது, உச்சியில் சில மொட்டுகளே மிச்சம்.

“அக்கா பக்கத்துலயே நின்னவ நீதானே தங்கச்சி. நீயே கட்டு,” என்றார் அண்ணன். இது தவறினால் அக்காவின் செடிக்கு விதையே இல்லை.

அன்று மாலை செடி வரிசையில் தனியாக நின்றேன். முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மொட்டுகளை ஒவ்வொன்றாக, முகத்துக்கு நேரே பார்த்தேன். ஒன்றை மூடிக் கட்டினேன்.

இப்போது தோட்டத்தில் மொட்டு மூடுவது நான்தான். மாலையானால் அந்தச் சத்தம் வருகிறது. இத்தனை காலமாகியும் பழகவில்லை. வீட்டுக்கு வந்தால் இழுப்பறையைத் திறந்து பையைப் பார்த்துவிட்டு மூடுகிறேன். அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை.

அன்று நான் கட்டிய மொட்டு மறுநாள் காலை விரிந்தது.