ஜெபஷீலா திருப்பித் தைத்த சீட்டு

அல்லிநகரத்தில் ஜெபஷீலாவின் கார் சீட்டுக் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. 'இங்கு தோல் தைப்பதில்லை' என்று ஷட்டருக்கு மேலே போர்டு மாட்டியிருக்கிறாள்.

முன்பு மதுரையில் ஒரு பெரிய கடையில் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். ஒருநாள் வெட்டுவதற்காக விரித்த மாட்டுத்தோலில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று தெரிந்தது. தேவதானப்பட்டியில் அவள் அப்பா வளர்த்த காளையின் தொடையிலும் அதே மாதிரி சூடு உண்டு. "மடிச்சு உள்ள தள்ளித் தையி, தெரியாது" என்றார் முதலாளி. தைத்தாள். அன்று மத்தியானம் சோற்றில் கை வைக்கக் கூசியது. தொழிலை விடவில்லை, தோலை மட்டும் விட்டுவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் விஜயபாண்டி தன் புது வேனைக் கொண்டுவந்தார். சபரிமலைக்குப் போகும் சாமிமார்களை நம்பி வாங்கிய வண்டி. "பாத்தா லெதர்னே நெனைக்கணும் தங்கச்சி" என்றார். அவளும் துணிமேல் பிளாஸ்டிக் பூசிய ரெக்சினில் கறுகறுவென்று மின்னும்படி தைத்துக் கொடுத்தாள். அதுதான் வினையாகப் போனது.

மறுநாள் காலையில் சாமிமார்களோடு வண்டியைப் பார்க்க வந்த குருசாமி கருத்தக்கண்ணன், படியில் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மாலை போட்ட பிறகு செருப்பைக்கூடத் தொடாதவர்.

"ஏப்பா பாண்டி, மாட்டுத்தோல் மேலயா எங்கள உக்கார வைக்கப் பாக்குற?"

விஜயபாண்டி வேனைக் கடைக்கே ஓட்டி வந்தார். சாமிமார்கள் ஏறாமல் பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

ஜெபஷீலா வாதாடவில்லை. பிளேடால் ஒரு தையலைப் பிரித்து உறையைப் புரட்டிக் காட்டினாள். உள்ளே வெள்ளைத் துணி. "தோலோட அடிப்பக்கம் பிசிறு பிசிறா இருக்கும். இது நெய்த துணி. தடவிப் பாருங்க சாமி."

குருசாமி தடவிப் பார்த்தார். "நான் நம்புறேன் தாயி. ஏறுற ஒவ்வொருத்தருக்கும் கிழிச்சா காட்ட முடியும்? சீட்டப் பாக்கும்போதெல்லாம் மனசு உறுத்துமே. நாளைக்கு விடியக்காலம் கெளம்பணும். நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம்."

விஜயபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒன் போர்ட நம்பித்தானே வந்தேன். இனி எந்தச் சாமி என் வண்டியில ஏறும்?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. வேன் காலியாக நின்றால், தோலை வைத்துத் தைத்துவிட்டு இல்லை என்கிறாள் என்று தேனி முழுக்கப் பேசுவார்கள். அந்தப் போர்டைக் கழற்ற வேண்டியதுதான். இத்தனை சீட்டுக்குப் புதுத் துணியும் கடையில் இல்லை. பிரித்த உறை இன்னும் கையிலேயே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, சாயங்காலம் ஒருதரம் வந்து பாத்துட்டு வேற வண்டி தேடுங்க. அண்ணே, எல்லா உறையையும் கழட்டுங்க."

"கழட்டி?"

"உள்ள இருக்கிறத வெளிய கொண்டாரப் போறேன்."

"கிறுக்கு பிடிச்சிருச்சா ஒனக்கு?"

"பிடிச்சா நல்லதுதான், கை வேகமா ஓடும்."

தையல் மொத்தத்தையும் பிரித்தாள். துணிப்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டுத் தைத்தாள். முதல் உறை சீட்டில் ஏறவே இல்லை. இழுத்தாள், தள்ளினாள், வியர்த்தது. பிறகுதான் உறைத்தது: திருப்பிப் போட்டால் இடது சீட்டின் உறை வலது சீட்டுக்குத்தானே பொருந்தும்! தன்னை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு மாற்றிப் போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

பொழுது சாய்ந்தபோது குருசாமி வந்தார். வேனுக்குள் வெள்ளை வெளேரென்று துணிச் சீட்டுகள். கையால் அழுத்திப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். "சாமியே!" என்று அவர் குரல் கொடுக்க, வெளியே நின்றவர்கள் "சரணம் ஐயப்பா!" என்றபடி முண்டியடித்து ஏறினார்கள். விஜயபாண்டி சந்தோஷத்தில் ஹாரனை விடாமல் அழுத்த, தெருவே எட்டிப் பார்த்தது.

மலைக்குப் போய்த் திரும்பியதும் விஜயபாண்டி நேராகக் கடைக்குத்தான் வந்தார். "தங்கச்சி, குமுளி மலை வளைவுல ஒரு சாமிகூட வழுக்கி விழல. ரெக்சின்னா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டிருப்பாக!" வேனின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'தோல் இல்லா வண்டி' என்று எழுதியும் வைத்துவிட்டார்.

இப்போது கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வண்டிகள் வந்து அவள் கடை வாசலில் வரிசையில் நிற்கின்றன. நேற்றுக்கூடப் புதுக் கார் வாங்கிய ஒருவர், "பாத்தா லெதர் மாதிரியே இருக்கணும்" என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, துணி மாதிரியே இருக்கணும்னு கேளுங்க" என்றாள் ஜெபஷீலா, மிஷினிலிருந்து தலை தூக்காமல். "பிரமாதமா தச்சுத் தாரேன்."