மாமா நிலத்தில் பனி

ஆம்பூருக்கு வெளியே இருந்த மாமாவின் நிலத்தில் பனி பெய்கிறது என்பதை ஆறாம் வகுப்பு விடுமுறையில் கண்டுபிடித்தேன். அது கோடைக்காலம் என்பது என்னை உறுத்தவில்லை.

அப்பா தன் பழைய டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் படம் எடுத்ததைவிடப் பார்த்துக்கொண்டிருந்ததே அதிகம். விடிந்ததும் வரப்பில் போய்க் குந்திக்கொள்வேன். முதலில் வெறும் மண்தான் தெரியும். வெயில் ஏற ஏற, மண்கட்டிகளின் மேல்விளிம்பில் மெல்லிய வெண்மை படரும். சாய்வான வெளிச்சத்தில் ஒவ்வொரு பொருக்குக்கும் தனித்தனி நிழல் இருந்தது. வெண்மை இருந்த இடத்தில் புல் இல்லை. ஓரத்துத் தென்னையின் ஓலை நுனிகள் கருகியிருந்தன. கொஞ்ச நேரத்தில் கையில் கேமரா இருப்பதே மறந்துபோகும். நினைவு வந்ததும் ஒரே ஒருமுறை அழுத்துவேன்.

அப்படி எடுத்த ஒன்றை மாமாவிடம் காட்டினேன். "இன்னாடி இது? எடுக்கறதுக்கு வேற எதுவும் கெடைக்கலயா?" என்றார். அவர் மனைவி, என் அத்தை, தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாமா நிலத்தை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தில் மெஷின்கள் வாங்கி, கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பது அவர் கனவு. மேற்கே தோல் பதனிடும் டேனரிகள் வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. பயிரும் சரியாக வரவில்லை. ஒருவழியாக நெமிலிப் பக்கத்து விவசாயி ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் நிலம் புது ரோட்டுக்குப் போய்விட்டதாம்.

அவர் வருவதற்கு முந்தின நாள் மாமா நிலத்தை உழுது, மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் கட்டினார். காலையில் மண் கறுத்துப் பளபளத்தது. "மாமா, பனி எல்லாம் போச்சு" என்றேன், அழாத குறையாக.

"பேஜார் பண்ணாத. உள்ள போ."

விவசாயி மனைவியோடு வந்தார். அந்த அம்மா வளையலை மேலே ஏற்றிவிட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இங்கயே சின்னதா ஒரு வூடு கட்டிக்கலாங்க" என்றார் கணவரிடம்.

"இருக்கறது எல்லாத்தையும் இதுலதாண்ணா போடப்போறோம்" என்றார் விவசாயி. மாமா தலையாட்டினார்.

காபி கொண்டுவந்த அத்தை, டம்ளரை நீட்டாமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கண்ணு, அன்னிக்குக் காலைல நெலத்த எடுத்தியே, அந்தப் படத்த இவங்களுக்குக் காட்டு. அழகா இருந்துச்சு" என்றார்.

ஓடிப்போய்க் கேமராவை எடுத்துவந்தேன். அந்த அம்மா திரையில் வெயில் விழாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். என் படத்தை அதுவரை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"உப்புங்க" என்றார் கணவரிடம், மெல்ல. என்னிடம், "நல்லா புடிச்சிருக்க பாப்பா" என்றார்.

"வூட்ல கலந்துக்கினு சொல்றோம்ணா" என்று விவசாயி எழுந்தார். வீட்டில் கலந்துபேச வேண்டியவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அதன் பிறகு மாமா அத்தையோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு வேண்டும் என்பதைக்கூட என்னிடம்தான் சொல்லி அனுப்புவார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. பஜாருக்குப் போய்வந்தால் எனக்கு மட்டும் தர்பூசணி வாங்கி வருவார்.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படத்தை எடுத்ததும் நான், காட்டியதும் நான். இதில் அத்தை ஒன்றுமே செய்யவில்லை என்று மாமாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அந்த விடுமுறை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.