சரவேந்தனுக்கு ஒரு ஜெபச் சீட்டு

ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் டிரம் ஓட்டுகிற தேவசகாயத்துக்கு வாயைத் திறப்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறு கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகச் சுண்ணாம்புத் தண்ணியிலும் சாயத்திலும் நின்ற மனிதர். காலையில் 'வர்றேன்', சாயந்திரம் 'சோறு போடு', நடுவில் யார் என்ன கேட்டாலும் 'ஒண்ணும் இல்ல'. மற்றபடி தங்கமான ஆள். குடி கிடையாது, கோயில் தவற மாட்டார். பொறாமை மட்டும்தான் கொஞ்சம் ஜாஸ்தி. மனைவி பிரிசில்லாவிடம் கறிக்கடைக்காரர் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டால் போதும், இவர் அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியில்லை என்பார்.

பிரிசில்லா ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். ஆறு மாதமாகக் கம்பெனி பஸ்ஸிலும் போன்தான், வீட்டிலும் போன்தான். தானாகச் சிரித்துக்கொள்வாள். திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். இன்னா விஷயம் என்று கேட்டுவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நம்ம ஆளுக்குத்தான் கேட்க வாய் வராதே! உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தார்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் இருக்கும் பெட்டியில் ஜெபச் சீட்டு எழுதிப் போடலாம். பாஸ்டர் ஒவ்வொன்றாக வாசிக்க, சபையே முழங்காலில் நின்று ஜெபிக்கும். போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஒரு சீட்டைப் பிரித்தார்.

"சகோதரி பிரிசில்லா கொடுத்தது. சரவேந்தன் என்கிறவர் லாரி மோதி ஐசியூவில் இருக்கிறார். இன்னும் நினைவு திரும்பவில்லை. அவருக்காக மன்றாடுவோம்."

தேவசகாயத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருடா இந்தச் சரவேந்தன்? அவள் பக்கத்துச் சொந்தத்தில் கிடையாது. இவர் பக்கத்திலும் கிடையாது. சபை உருகி உருகி ஜெபித்தது. பின்னால் இருந்த எல்லம்மா, "அந்தப் புள்ளைய எழுப்பும் ஆண்டவரே!" என்று கதறியே விட்டார். பெண்கள் பக்கம் பிரிசில்லாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி அழுது இவர் பார்த்ததில்லை. பல்லைக் கடித்தபடி அவரும் கண்ணை மூடினார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பாஸ்டர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க தேவசகாயம். சாயந்திரம் நாலு பேரா போய் ஜெபம் பண்ணிட்டு வந்துடலாம்."

"கேட்டுச் சொல்றேன் ஐயா," என்றார். அவமானத்தில் காது சுட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாரு அவன்?"

பிரிசில்லா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தயங்கினாள். "கதைல வர்றவன் மாமா."

"இன்னாது?"

"போன்ல தொடர்கதை வருது. வெள்ளிக்கிழமை அவன் லாரியில அடிபட்டுட்டான். அடுத்த பாகம் நாளைக்குத்தான். ரெண்டு நாளா என்னால தாங்க முடியல. சீட்டு கையில இருந்துச்சு, எழுதிட்டேன். பெட்டியில போட்ட பொறவுதான் ஐயையோன்னு ஆச்சு."

வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். தேவசகாயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமான ஆளாக இருந்தால் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். இவனுக்குச் சட்டையும் இல்லை, வீடும் இல்லை. இல்லாத ஒருத்தனுக்காக என் பெண்டாட்டி அழுகிறாளே என்று பொறாமை இரண்டு பங்காகத்தான் ஆயிற்று.

"போன வருஷம் டிரம் கதவு என் கைமேல வுழுந்துச்சே. மூணு வாரம் கட்டு போட்டுனு இருந்தேன். அப்ப எனக்கு ஒரு சீட்டு எழுதுனியா நீ?"

"தெனம் கேட்டேனே, வலிக்குதான்னு. நீ ஒண்ணும் இல்லன்ன. ஒண்ணும் இல்லாததுக்கு இன்னான்னு மாமா எழுதுறது?"

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் இவரை இன்னும் சுட்டது.

"அவன் எல்லாத்தையும் சொல்றான்," என்றாள். "அம்மா செத்தப்ப அழுவ வரலன்றான். கூட்டத்துக்குள்ள போனா கூச்சமா இருக்குன்றான். மிஷின்ல எம்பக்கத்துல உக்கார்ற சௌமியாவ எனக்கு அவ்ளோ தெரியாது. உன்னையும் தெரியாது. அவன தெரியும்."

தேவசகாயம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூடப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் அவன் பொழைக்கணும்னு ஜெபம் பண்ணாங்க. நான், அவன் செத்துப்போவணும்னு பண்ணேன்."

கத்துவாள் என்று நினைத்தார். பிரிசில்லா கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். போனை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் பயமா பூட்ச்சு பிரிசி," என்றார் தேவசகாயம். "நான் செத்தா நீ இந்த அளவுக்கு அழுவ மாட்டியேன்னு."